ஜேம்ஸ் வில்சன்: பதவியில் இருந்துகொண்டே கடனுக்காகச் சிறை சென்ற உச்ச நீதிமன்ற நீதிபதி

கேள்வி இதுதான்: வாஷிங்டன், ஜெபர்சன், ஃபிராங்க்ளின், ஹாமில்டன் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், அமெரிக்காவை உருவாக்கியதில் பெரிய பங்கு இருந்தும் வெளியே தெரியாமல் போனவர் யார்? அவர் வாழ்க்கை எப்படி அமைந்தது?

என்னைக் கேட்டால் ஜேம்ஸ் வில்சன் என்றுதான் சொல்வேன். 1776-இன் சுதந்திரப் பிரகடனம், 1787-இன் அரசியலமைப்பு, இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் மொத்தமே ஆறு பேர். அதில் இவர் ஒருவர். நாட்டுக்கு ஒரே ஒரு தலைவர் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு மாநாட்டில் முன்மொழிந்தவர் இவர்தான். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக முதலில் பதவிப் பிரமாணம் எடுத்தவரும் இவர்தான். இவ்வளவும் செய்தவர், அதே நீதிபதி பதவியில் இருக்கும்போதே கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடி, சிறைக்கும் போய், வட கரோலினாவில் ஒரு விடுதி அறையில் 55 வயதில் இறந்தார்.

வில்சன் பிறந்தது ஸ்காட்லாந்தில், ஃபைஃப் வட்டாரத்தில் சீரெஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1742-இல். அப்பா விவசாயி. பையனைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்பது வீட்டார் ஆசை. உதவித்தொகையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையில் அப்பா இறந்ததும் பாதிரியார் படிப்பு நின்றுபோனது. 1765-இல் கப்பலேறி ஃபிலடெல்ஃபியா வந்தார். அங்கே கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தபடி, ஜான் டிக்கின்சன் என்ற பெரிய வக்கீலிடம் சட்டம் பயின்றார். ரெடிங்கில் கொஞ்ச நாள், அப்புறம் கார்லைல் என்ற எல்லையோர ஊரில் வக்கீல் தொழில். அங்கே வந்த வழக்குகளில் நிலத்தகராறுகள்தான் அதிகம். யார் எவ்வளவு நிலம் வாங்கினார்கள், எவ்வளவு சீக்கிரம் விலை ஏறியது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். தானும் கடன் வாங்கி நிலம் வாங்க ஆரம்பித்தார். அவரைக் கடைசியில் கொன்ற நோய் அங்கேதான் தொற்றியது என்று நான் நினைக்கிறேன்.

1774-இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு நூல்தான் முதலில் பெயர் வாங்கித் தந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குக் குடியேற்றங்களின் மேல் எந்த வகையான அதிகாரமும் கிடையாது என்பது அதன் வாதம். அன்றைக்கு அது துணிச்சலான பேச்சு. பலரும் 'வரி போடும் உரிமைதான் இல்லை, மற்றபடி சட்டம் போடலாம்' என்ற அளவில் நின்றபோது, வில்சன் வேர்வரைக்கும் போனார். எல்லா மனிதர்களும் இயற்கையிலேயே சமம், சுதந்திரமானவர்கள். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர்மேல் யாருக்கும் அதிகாரம் கிடையாது. நியாயமான அரசு எல்லாமே ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தின் மேல் நிற்பது என்று எழுதினார். இரண்டு வருடம் கழித்து ஜெபர்சன் எழுதிய பிரகடனத்தில் கிட்டத்தட்ட இதே கருத்துகளைத்தான் உலகம் படித்தது.

ஆனாலும் 1776 ஜூனில், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபையில், விடுதலை வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொன்னவர்களில் வில்சனும் இருந்தார். 'என்னை அனுப்பிய பென்சில்வேனியா மக்கள் எனக்கு இன்னும் அந்த அதிகாரம் தரவில்லை' என்பது அவர் காரணம். இதைக் கோழைத்தனம் என்று அப்போதே சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்மதம் என்பதைப் பற்றி ஒரு நூலே எழுதியவர், தனக்கு வாக்குரிமை கொடுத்தவர்களின் சம்மதத்தைக் கேட்காமல் எப்படிக் கை தூக்குவார்? ஜூலை 2 அன்று டிக்கின்சனும் ராபர்ட் மாரிஸும் வாக்களிக்காமல் விலகி நிற்க, பென்சில்வேனியா 3-க்கு 2 என்ற கணக்கில் விடுதலைக்கு ஆதரவு தந்தது. அந்த மூவர் ஃபிராங்க்ளின், ஜான் மார்ட்டன், வில்சன். தனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்த ஆசானே ஒதுங்கி நின்ற இடத்தில் மாணவர் வாக்களித்தார்.

அதற்காக மக்கள் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்து வைத்திருந்து 1778-இல் விலகியதும், எதிரிக்கு உதவியவர்கள் என்று பலர்மேல் தேசத்துரோக வழக்கு வந்தது. வில்சன் அவர்களுக்காக வாதாடினார். இரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள், பலர் தப்பினார்கள். இன்னொரு பக்கம், காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்து ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது. விலைக் கட்டுப்பாடு கூடாது என்று பேசிய வியாபாரிகளின் நண்பராக வில்சன் பார்க்கப்பட்டார். 1779 அக்டோபர் 4 அன்று, போரில் பங்கெடுத்த ஊர்க்காவல் படையினர் துப்பாக்கிகளோடு ஊர்வலமாக வந்து, மூன்றாம் தெருவும் வால்நட் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த அவர் வீட்டைச் சூழ்ந்தார்கள். உள்ளே வில்சனும் அவருடைய நண்பர்களும் கதவுகளை அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சுடுதல் தொடங்கியது. கேம்பல் என்ற ஒரு கேப்டன் வீட்டு ஜன்னலில் குண்டடிபட்டுச் செத்தார். வெளியேயும் உயிர் போனது. மாநிலத் தலைவர் ஜோசப் ரீட் குதிரைப்படையோடு வந்து சேர்ந்திருக்காவிட்டால் உள்ளே இருந்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு 'வில்சன் கோட்டை' என்றே பெயர் வந்துவிட்டது.

வெளியே நின்றவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. போருக்குப் போனவர்கள் அவர்கள், வீட்டில் பிள்ளைகள் பசித்துக் கிடந்தார்கள். வில்சன் மக்களின் அதிகாரத்தைப் பற்றி யாரையும்விட ஆழமாக யோசித்தவர், ஆனால் மக்களோடு எளிதாகப் பழகத் தெரியாதவர். உயரமான ஆள், தடித்த கண்ணாடி, ஸ்காட்லாந்து உச்சரிப்பு, விறைப்பான நடை. திமிர் பிடித்தவர் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். கடைசிவரை அவர் அரசியலில் இந்த இடைவெளி மாறவே இல்லை.

இனி 1787. பதின்மூன்று மாநிலங்களின் தளர்வான கூட்டணி தள்ளாடிக்கொண்டிருந்தது. புதிய அரசியலமைப்பு எழுத ஃபிலடெல்ஃபியாவின் மாநில மாளிகையில் மாநாடு கூடியது. ஒரு வருடத்துக்கு முன்புதான் வில்சனின் மனைவி ரேச்சல் ஆறு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்திருந்தார். அந்த மாநாட்டில் வில்சன் பேசியது 168 தடவை. அவரைவிட அதிகம் பேசியவர் கவர்னர் மாரிஸ் ஒருவர்தான் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி இல்லை; ராபர்ட் மாரிஸ் வேறு ஆள்).

ஜூன் 1-ஆம் தேதியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். விவாதப் பொருள், நாட்டின் நிர்வாகத் தலைமை. வில்சன் எழுந்து, 'அது ஒரே ஒரு நபராக இருக்க வேண்டும்' என்று முன்மொழிந்தார். மாநாட்டில் உட்கார்ந்திருந்த மாடிசன் எழுதி வைத்த குறிப்புகளின்படி, உடனே நீண்ட மௌனம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஒரு அரசனை விரட்ட எட்டு வருடம் போராடிய மனிதர்கள் அவர்கள். எதிரே வாஷிங்டன் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் ஒருவர்தான் என்றால் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்துக்கு நேரே அந்தப் பதவியின் ஆபத்துகளைப் பேச யாருக்கு மனம் வரும்? கடைசியில் வயதான ஃபிராங்க்ளின்தான், இது முக்கியமான விஷயம், வாக்கெடுப்புக்கு முன் எல்லோரும் கருத்தைச் சொல்லுங்கள் என்று மௌனத்தை உடைத்தார். வர்ஜீனியாவின் ராண்டால்ஃப், ஒரே நபர் என்பது முடியாட்சியின் கரு என்று எதிர்த்தார். வில்சன் பின்வாங்கவில்லை. மூன்று பேர் கையில் கொடுத்தால் தவறு நடக்கும்போது யாரைக் கேட்பது? ஒருவர் என்றால் பொறுப்பு யார் தலையில் என்பது தெரியும், வேலையும் நடக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். மூன்று நாள் கழித்து 7 மாநிலங்கள் ஆதரவு, 3 எதிர்ப்பு என்று அது நிறைவேறியது.

அந்த ஒருவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் வில்சனின் ஆசை. மாநாட்டில் அதற்கு ஆதரவு தேறவில்லை. சரி, மக்கள் வாக்காளர் குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்தக் குழு தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மறுநாளே இன்னொரு யோசனை வைத்தார். அதுவும் அப்போது தோற்றது. ஆனால் கோடை முடிவில் வேறு உருவத்தில் அதுவே திரும்பி வந்து இன்றுவரை அமெரிக்கத் தேர்தலை ஆட்டிவைக்கிறது. செனட் உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். அது நடக்க 1913 ஆனது. கூட்டாட்சிப் பிரமிடை உயரமாகக் கட்டப்போகிறோம், அதனால் அடித்தளம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன உவமை. சிறிய மாநிலங்கள் சம உரிமை கேட்டு முட்டிக்கொண்டபோது, 'நாம் யாருக்காக அரசு அமைக்கிறோம்? மனிதர்களுக்கா, அல்லது மாநிலங்கள் என்ற கற்பனை உருவங்களுக்கா?' என்று கேட்டார். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் கழித்து நீதிமன்றத்தில் இதே கேள்வி திரும்ப வரும்.

ஜூலை கடைசியில் மாநாடு ஒத்திவைக்கப்பட்டு, ஐந்து பேர் கொண்ட குழுவிடம் வரைவு எழுதும் வேலை போனது. அதில் வில்சனின் கை பெரியது. 'நாங்கள், மக்கள்' என்று தொடங்கும் முகப்புரை வரைவு அவர் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. அப்போது அதில் நியூ ஹாம்ப்ஷையர், மாசசூசெட்ஸ் என்று ஒவ்வொரு மாநிலப் பெயராக வரிசையாக வந்தது. இறுதியில் மாநிலப் பெயர்களை எடுத்துவிட்டு 'ஐக்கிய மாநிலங்களின் மக்கள்' என்று ஆக்கியவர் கவர்னர் மாரிஸ். நம் பள்ளிப் பாடநூல்களின் முதல் பக்கத்தில் 'இந்திய மக்களாகிய நாம்' என்று படிக்கிறோமே, அந்தத் தொடக்கத்தின் மூதாதை இதுதான்.

இதே மனிதரின் பெயரில் ஒரு பெரிய கறையும் இருக்கிறது. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆட்களாக எண்ணி மாநிலங்களுக்கு இடங்கள் ஒதுக்கும் சூத்திரத்தை ஜூன் 11 அன்று மாநாட்டில் முன்மொழிந்தவர் வில்சன்தான். பழைய காங்கிரஸில் வரிக்கணக்குக்காகப் பேசப்பட்ட விகிதம் அது. அதை எடுத்துப் பிரதிநிதித்துவத்துக்குப் பொருத்தினார். தெற்கு மாநிலங்களைக் கூட வைத்துக்கொள்ளத் தந்த விலை. ஒரு மாதம் கழித்து அவரே எழுந்து, 'இவர்கள் குடிமக்கள் என்றால் ஏன் சமமாக எண்ணவில்லை? சொத்து என்றால் மற்ற சொத்துகளை ஏன் எண்ணவில்லை?' என்று கேட்டார். கேள்வி சரியானது. பதில் தெரிந்தும் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். மனிதர்கள் எல்லோரும் சமம் என்று 1774-இல் எழுதிய கை அது என்பதால் எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

செப்டம்பர் 17 அன்று ஃபிராங்க்ளினின் கடைசி உரையை, அவரால் நிற்க முடியாததால், வில்சன்தான் வாசித்தார். மாநாடு முடிந்ததும் அக்டோபர் 6 அன்று மாளிகை முற்றத்தில் கூடிய மக்களிடம் புதிய அரசியலமைப்பை ஆதரித்துப் பேசினார். அந்தப் பேச்சு நாடெங்கும் பத்திரிகைகளில் அச்சானது. உரிமைப் பட்டியல் தேவையில்லை, கொடுக்கப்படாத அதிகாரம் மைய அரசுக்கு இல்லை என்று அவர் வாதிட்டது பிறகு எடுபடவில்லை. 1791-இல் உரிமைப் பட்டியல் சேர்ந்துவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான். பென்சில்வேனியா 46-க்கு 23 என்று அரசியலமைப்பை ஏற்ற இரண்டு வாரத்தில், அவர் ஒரு காலத்தில் வக்கீல் தொழில் செய்த அதே கார்லைலில் எதிர்ப்பாளர்கள் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள்.

1789-இல் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதி, தலைமை நீதிபதி பதவியைத் தனக்கே தரும்படி கேட்டார். அப்படி வாய்விட்டுக் கேட்பது அந்தக் காலத்தில் அழகில்லை. ஜான் ஜே தலைமை நீதிபதி ஆனார், வில்சனுக்கு இணை நீதிபதி பதவி. அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாக் கல்லூரியில் சட்ட விரிவுரை தொடங்கினார். முதல் நாள் வாஷிங்டனும் துணைத் தலைவர் ஆடம்ஸும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அமெரிக்கச் சட்டத்துக்கு முழுமையான ஓர் அடித்தள நூல் எழுதிவிட வேண்டும் என்பது அவர் கனவு. அது முடியவே இல்லை. கிடைத்த பகுதிகளை அவர் இறந்தபின் 1804-இல் மகன் பெர்ட் வெளியிட்டார்.

1793-இல் வந்த சிஸோல்ம் எதிர் ஜார்ஜியா வழக்கு அவர் தீர்ப்புகளில் உச்சம். போர்க்காலத்தில் தெற்கு கரோலினா வியாபாரி ஒருவர் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்கு கொடுத்திருந்தார். பணம் வரவில்லை. வியாபாரி இறந்ததும், அவருடைய சொத்தை நிர்வகித்தவர் ஜார்ஜியாமேல் வழக்குப் போட்டார். ஜார்ஜியா நீதிமன்றத்துக்கே வர மறுத்தது: நாங்கள் இறையாண்மை உள்ள மாநிலம், எங்களை ஒரு தனி ஆள் எப்படி வழக்கில் இழுப்பது? வில்சன் விடவில்லை. ஒரு வியாபாரி ஒப்பந்தம் போட்டுவிட்டுக் கடனைக் கொடுக்காவிட்டால் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும். அதையே செய்த மாநிலம், கூப்பிட்டவுடன் வேஷம் மாற்றிக்கொண்டு 'நான் இறையாண்மை உள்ள மாநிலம்' என்று சொல்லிக் கடன் கொடுத்தவரையும் நீதியையும் அவமதிக்கலாமா? நிச்சயமாகக் கூடாது என்றார். நான்கு நீதிபதிகள் வழக்குப் போட்டவர் பக்கம். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி வட கரோலினாவின் ஜேம்ஸ் ஐர்டெல். இந்தத் தீர்ப்பை நிறைவேற்ற வருகிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்று ஜார்ஜியாவின் கீழவை ஒரு மசோதாவே நிறைவேற்றியது. 1795-இல் பதினோராவது திருத்தம் வந்து தீர்ப்பைக் காலி செய்தது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இவ்வளவு உறுதியாக எழுதிய அதே வருடங்களில், அவருடைய புரோநோட்டுகள் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவிலிருந்து ஜனங்கள் வந்து குடியேறுவார்கள், நிலத்தின் விலை பல மடங்கு ஏறும் என்று நம்பி பென்சில்வேனியாவிலிருந்து ஜார்ஜியாவரை லட்சக்கணக்கான ஏக்கர் வாங்கியிருந்தார். முன்பணம் கொஞ்சம், மீதிக்குக் கடன். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு கடன், அதற்கு அடமானமாக இன்னொரு நிலம். ஆனால் ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டதால் அங்கிருந்து வர வேண்டிய பணமும் ஆட்களும் வரவில்லை. 1796-97 நெருக்கடியில் நிலத்தை வாங்க ஆளே இல்லை. விடுதலைப் போருக்கே பணம் திரட்டிக் கொடுத்த ராபர்ட் மாரிஸும் இதே மாதிரி விழுந்து ஃபிலடெல்ஃபியாவின் கடனாளிச் சிறையில் மூன்று வருடத்துக்கு மேல் கிடந்தார். வில்சனைத் தனி மனிதப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது; அவர் தலைமுறைக்கே நிலப்பித்து பிடித்திருந்தது. ஆனாலும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாதவர் அவர்தான். விலை சரியச் சரிய இன்னும் வாங்கினார்.

இதற்கு நடுவில் 1793-இல், வழக்கு விசாரிக்க பாஸ்டன் போன இடத்தில் ஹன்னா கிரே என்ற 19 வயதுப் பெண்ணைக் கண்டு மனதைப் பறிகொடுத்தார். வில்சனுக்கு வயது 50. ஊரே பேசியது. அதே வருடம் செப்டம்பரில் கல்யாணம். இந்தச் சிறு பெண்தான் கடைசிவரை கூட நின்றார்.

1797-இல் வில்சன் ஃபிலடெல்ஃபியாவை விட்டு ஓடினார். நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். மகன் பணம் கட்டி வெளியே எடுத்தார். அங்கிருந்து தெற்கே, வட கரோலினாவின் ஈடன்டன். அது அவரை எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய ஐர்டெலின் ஊர். அங்கேயும் பியர்ஸ் பட்லர் விடவில்லை. பட்லர் 1787 மாநாட்டில் அவரோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர். வில்சன் அவருக்குத் தர வேண்டியிருந்தது 1,97,000 டாலர். 1798-இல் மறுபடி சிறை. இந்த மாதங்களில் எழுதிய கடிதம் ஒன்றில், தன்னைக் காட்டு விலங்கைப் போல வேட்டையாடுகிறார்கள் என்று வில்சன் சொல்கிறார். இத்தனைக்கும் பதவியை அவர் விடவில்லை. காகிதத்தில் அவர் இன்னும் உச்ச நீதிமன்ற நீதிபதி.

சிறையிலிருந்து வெளியே வந்தபோது உடம்பு விட்டுப்போயிருந்தது. தங்கியது நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹார்னிப்லோ விடுதியில். அந்த ஊரின் கோடை வெக்கையில் மலேரியா. ஹன்னா வந்து சேர்ந்து பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். மலேரியாவிலிருந்து கொஞ்சம் தேறிய பிறகு பக்கவாதம். நினைவு தடுமாறி, கைது, திவால் என்றே பிதற்றினார். ஆகஸ்ட் 21 அன்று உயிர் பிரிந்தது. கடனாளிகளுக்கு வழி காட்டும் முதல் கூட்டாட்சித் திவால் சட்டம் வந்தது 1800-இல். ராபர்ட் மாரிஸ் அதைப் பிடித்துத்தான் வெளியே வந்தார். காலியான நீதிபதி இடத்துக்கு வந்தவர் புஷ்ராட் வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன், வில்சனிடமே சட்டம் படித்தவர்.

ஐர்டெலின் மைத்துனர் சாமுவேல் ஜான்ஸ்டனின் குடும்ப இடுகாட்டில் வில்சனைப் புதைத்தார்கள். வியாபாரிக்குப் பணம் தராத ஜார்ஜியா விஷயத்தில் நேரெதிராக நின்ற இரண்டு நீதிபதிகளில், ஒருவருடைய குடும்பம்தான் மற்றவருக்கு மண் கொடுத்தது. ஐர்டெல் அடுத்த வருடமே இறந்துபோனார்.

1906-இல் பென்சில்வேனியாவுக்கு அவர் நினைவு வந்தது. எலும்புகளைத் தோண்டியெடுத்து வடக்கே கொண்டுவந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் பெட்டியை முதலில் இறக்கி வைத்தது அந்தப் பழைய மாநில மாளிகையில், 1787 ஜூன் 1 அன்று அவர் எழுந்து பேசியதும் யாரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அதே கட்டடத்தில். இந்தத் தடவை நீதிபதிகளும் அதிகாரிகளும் வரிசையில் வந்து மரியாதை செலுத்தினார்கள். பிறகு சில தெருக்கள் தள்ளி, கிறைஸ்ட் சர்ச் வளாகத்தில், ரேச்சலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.